ஃபெராரியை வரைந்த கையும் ஹெரால்டை வரைந்த கையும்

1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இத்தாலியின் மில்லே மில்யா மோட்டார் பந்தயத்தை வென்றவை ஃபெராரி கார்கள். பிரெஸ்சியா நகரில் புறப்பட்டு, ரோம் வரை சென்று, மீண்டும் பிரெஸ்சியாவிலேயே முடிந்த அந்தப் பந்தயம் ஏறத்தாழ 1,600 கி.மீ. தொலைவு பொதுச் சாலைகளிலேயே நடைபெற்றது. முதலாண்டில் வில்லோரேசியும், அடுத்த ஆண்டில் பிராக்கோவும், அதற்கடுத்து மார்சோட்டோவும் வென்றனர். ஓட்டியவர்களின் பெயர்கள் பந்தய வரலாற்றில் இருக்கின்றன. உற்பத்தி செய்தவரின் பெயர் உலகெங்கும் தெரியும். அக்கார்களின் வடிவத்தைக் காகிதத்தில் முதலில் வரைந்தவரின் பெயர் மட்டும் வண்டியில் எங்கும் இல்லை. அவர் ஜியோவானி மிக்கெலோட்டி.

அவர் வரைந்த இன்னொரு காரைத் தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலர் பார்த்திருப்பர். சிலர் அதில் பயணம் செய்துமிருப்பர். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. பந்தயங்களை வென்ற ஃபெராரியையும், நம் ஊர் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும் வைத்திருந்த ஹெரால்டையும் ஒரே மனிதர் வரைந்தார் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நான் கொல்லிமலையில், சோளக்காட்டில் வசிப்பவன். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறிவர 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அந்த வளைவுகளுக்காகவே விடுமுறை நாள்களில் இளைஞர்கள் இருசக்கர வாகனங்களில் கூட்டமாக வருகிறார்கள். ஃபெராரி கார் ஒன்று இச்சாலையில் ஏறி நான் கண்டதில்லை. ஆனால், சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் ஏற்றிச் செல்லும் சரக்கு வாகனம் ஒன்றின் முன்கண்ணாடியில் ஃபெராரியின் துள்ளும் குதிரைச் சின்னம் ஒட்டப்பட்டிருக்கிறது. வண்டி வராவிட்டாலும் அதன் மீதான மோகம் மலையேறி வந்துவிட்டது. அந்த மோகம் எனக்கும் உண்டு. 1952-இல் பிராக்கோ ஓட்டிய ஃபெராரி 250 எஸ் என்ற காரின் படத்தை இளமையிலிருந்தே அலுக்காமல் பார்த்து வருகிறேன். அந்த வகையில் கட்டப்பட்டது ஒரே ஒரு கார்தான்.

அக்காலத்தில் ஒரு கார் எவ்வாறு உருவானது என்பதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. லாரித் தொழிற்சாலையிலிருந்து என்ஜினும் சேஸிஸும் மட்டும் வருகின்றன. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பட்டறைகள் அதன்மேல் பாடி கட்டுகின்றன. வண்டிக்கு முகமும் தோற்றமும் கிடைப்பது பட்டறையில்தான். இத்தாலியின் டுரின் நகரமும் இவ்வாறுதான் இயங்கியது. ஃபெராரி நிறுவனம் என்ஜினும் சேஸிஸும் செய்து தரும். அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து அதன்மேல் பாடி கட்டுபவர் ஆல்ஃபிரெடோ வின்யாலே போன்ற பட்டறைக்காரர். நம் லாரிகளில் பட்டறையின் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் போல அங்கும் வின்யாலே என்ற பெயர் காரின் பக்கவாட்டில் சிறு தகடாகப் பதிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோடு எங்கே எழவேண்டும், எங்கே தணியவேண்டும் என்று அதற்கு முன்னரே தீர்மானித்தவருக்குத்தான் தகடு இல்லை.

மிக்கெலோட்டி 1921 அக்டோபர் 6 அன்று டுரினில் பிறந்தார். மோட்டார் தொழிலையே மூச்சாகக் கொண்ட நகரம் அது. பதின்பருவம் முடிவதற்குள் ஸ்டாபிலிமெந்தி ஃபரீனா என்ற பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பினின்ஃபரீனாவின் அண்ணன் ஜியோவானி ஃபரீனா நடத்திய பட்டறை அது. வின்யாலேயும் அங்கே வேலை கற்றவரே. வடிவமைப்பைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகள் இன்று ஊருக்கு ஊர் உள்ளன. மிக்கெலோட்டிக்குக் கிடைத்த கல்லூரி, தகடு தட்டும் ஓசை இடைவிடாமல் கேட்கும் பட்டறைதான். தான் வரையும் வளைவைத் தகட்டில் கொண்டுவரக் கொல்லருக்கு எத்தனை அடி தேவைப்படும் என்பதை அறிந்து வரைந்தவர் அவர். அந்த அறிவு ஏட்டில் வருவதன்று.

போர் முடிந்தபின், 1949-இல், அவர் டுரினில் சொந்தமாக வரைவுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அன்றைய வழக்கப்படி அது துணிச்சலான முடிவு. வடிவமைப்பாளர் என்றால் ஏதேனும் ஒரு பட்டறையின் ஊழியராக இருப்பதே முறை. எவருக்கும் ஊழியராக இல்லாமல், கேட்டவர்க்கெல்லாம் வரைந்து கொடுத்துக் கூலி பெறும் தனி வடிவமைப்பாளர் என்ற வாழ்க்கையை முதலில் வாழ்ந்து காட்டியவர்களில் அவர் ஒருவர். வின்யாலே அவருடைய முதன்மையான வாடிக்கையாளர் ஆனார். வேறு பட்டறைகளும் அவரை நாடின. விளைவு சற்று வேடிக்கையானது. டுரின் மோட்டார் கண்காட்சியில் ஒன்றோடொன்று போட்டியிட்ட பட்டறைகளின் அரங்குகளில், வெவ்வேறு பெயர்ப் பலகைகளின் கீழ், அவர் ஒருவர் வரைந்த கார்களே அணிவகுத்து நின்றன. போட்டியாளர்கள் இருவரும் தத்தம் படைப்பே சிறந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும்போது, இரண்டையும் வரைந்தவர் அமைதியாக இருக்கவேண்டும். அதுவும் அவர் பெற்ற கூலியில் அடக்கம் போலும்.

1952-ஆம் ஆண்டின் மில்லே மில்யாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். போருக்குப் பின் பந்தயக் களத்துக்குத் திரும்பிய மெர்சிடிஸ் நிறுவனம், 300 எஸ்.எல். என்ற புதிய காரை அவ்வாண்டு இறக்கியது. கார்ல் கிளிங் அதை ஓட்டினார். பந்தயத்தின் பெரும்பகுதி கடந்தபோது முன்னணியில் இருந்தவர் அவரே. பிராக்கோவோ மலைச்சாலைப் பந்தயங்களில் பேர்பெற்றவர். ஃப்ளோரன்ஸ் நகருக்கும் போலோஞ்ஞா நகருக்கும் இடையே அப்பென்னைன் மலைத்தொடரைக் கடக்கும் ஃபூட்டா, ராத்திகோசா கணவாய்கள் வந்தன. மழை. ஈரச் சாலை. வளைவுக்குப் பின் வளைவு. இழந்த நேரத்தையெல்லாம் அங்கே மீட்டு, 12 மணி நேரத்துக்கும் சற்று மேலான ஓட்டத்தின் முடிவில், நான்கு நிமிடங்களுக்கும் கூடுதலான இடைவெளியில் பிராக்கோ வென்றார். மழைக்காலத்தில் எங்கள் மலைச்சாலையில் பேருந்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தயம் நினைவுக்கு வருவதுண்டு. மலைச்சாலையின் ஈரத்தில் வேகம் எத்தகையது என்பதை அறிய ஃபெராரி தேவையில்லை. காரவள்ளி இறக்கத்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை போதும்.

அந்த வெற்றி பிராக்கோவின் துணிவாலும் என்ஜினின் ஆற்றலாலும் விளைந்தது. வடிவம் அதை வென்று தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், பந்தயம் முடிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்பும் அக்காரை நாம் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வடிவமே. முன்புறம் முட்டை வடிவத் திறப்பு. முன்சக்கரத்தின் மேல் எழுந்து, கதவருகே தணிந்து, பின்சக்கரத்தின் மேல் மீண்டும் திரளும் ஒரே கோடு. தேவைக்கு மேல் ஒரு விரற்கடை அளவும் இல்லாத கூரை. நின்றுகொண்டிருக்கும்போதே பாயப்போவதாகத் தோன்றும் தோற்றம் அது.

கொல்லிமலையில் இருப்பவனுக்கு இவ்விடத்தில் கொல்லிப்பாவை நினைவுக்கு வராமல் போகாது. காண்போரைத் தன்பால் ஈர்த்து மயக்கிய அந்தப் பாவையைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் பேசுகின்றன. அதைச் செய்தது ஒரு பூதம் என்பார்கள். தெய்வம் என்றும் சொல்வதுண்டு. அழகு அளவு கடந்துவிட்டால் செய்தவனை மனிதனாக எண்ண நமக்கு மனம் வருவதில்லை. ஃபெராரியின் ரசிகர்களும் அப்படித்தான். அக்கார்கள் என்ஸோ ஃபெராரி என்ற ஒரே மனிதரின் மந்திரத்தில் பிறந்தவை என்றே அவர்கள் நம்புகிறார்கள். கூலிக்கு வரைந்த ஒருவர் மேசைவிளக்கின் கீழ் அமர்ந்து அழித்தழித்துப் போட்ட கோடு அது என்று சொன்னால் சற்று ஏமாற்றமடைகிறார்கள்.

இனி ஹெரால்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு - டிரையம்ப் நிறுவனம் 1950-களின் பிற்பாதியில் ஓர் இக்கட்டில் இருந்தது. அதற்கு கார்க் கூடுகளை அடித்துத் தந்துகொண்டிருந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒன்றாக அடித்துத் தர ஆளில்லை. ஆகவே தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, சிறு சிறு பகுதிகளாக அடித்த கூட்டை அதன்மேல் திருகாணியால் பூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பொறியியல் திட்டம் தயாராயிற்று. முகம் மட்டும் அமையவில்லை. நிறுவனத்தின் சொந்த வரைவாளர்கள் பலமுறை முயன்றும் மனத்துக்கு நிறைவான வடிவம் கிட்டவில்லை. 1957-இல், நிறுவனத்தின் பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர், டுரினில் மிக்கெலோட்டியைச் சந்தித்துத் தம் சிக்கலைச் சொன்னார். அளவுகளைக் கேட்டுக்கொண்ட மிக்கெலோட்டி சில நிமிடங்களில் ஒரு காரை வரைந்து காட்டினார். அதுவே ஹெரால்டு. முதல் மாதிரி வண்டி வின்யாலேயின் பட்டறையில் கட்டப்பட்டது. 1959 ஏப்ரலில் கார் விற்பனைக்கு வந்தது.

என் கணிப்பில் அவருடைய வாழ்நாள் சாதனை ஃபெராரி அன்று, ஹெரால்டுதான். இதை ஏற்காதவர் பலர் உண்டு, நியாயமே. ஆனால் இரண்டு வேலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெராரிக்கு வரையும்போது பணத்துக்குக் கட்டுப்பாடில்லை; நீண்ட என்ஜினே அழகுக்குப் பாதி வழி போட்டுக் கொடுத்துவிடும்; ஒரே ஒரு வண்டி செய்தால் போதும். ஹெரால்டில் என்ஜின் 948 சி.சி.; ஏறத்தாழ 35 குதிரைத்திறன். தகடுகளைச் சிறு துண்டுகளாகவே அடிக்கவேண்டும்; துண்டுகள் சேரும் கோடுகள் கண்ணுக்குத் தெரியும்; விலை ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவேண்டும்; நால்வர் அமரவேண்டும். இத்தனை தளைகளுக்கிடையே மெலிந்த தூண்களும் அகன்ற கண்ணாடிகளும், இமை போன்ற விளிம்பு கவிந்த முகவிளக்குகளும், பின்புறம் மெல்லக் கூர்ந்து எழும் வாலுமாக அழகிய வண்டி ஒன்று பிறந்தது. இணைப்புக் கோடுகளை அவர் மறைக்க முயலவில்லை. அவற்றையே வடிவத்தின் கோடுகளாக ஆக்கிக்கொண்டார்.

ஹெரால்டின் பெருமை முழுவதையும் அவருக்கே தருவதும் தவறாகும். முன்சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முழு முகப்பும் முன்னோக்கித் திறந்துகொள்ளும் ஏற்பாடும், சுமார் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் சக்கர அமைப்பும் வெப்ஸ்டரின் குழுவுடையவை. மெக்கானிக்குகள் அந்தக் காரை விரும்பியதற்கு முன்னது காரணம். பின்னதன் அருமை மலைவாசிகளுக்குத் தெரியும்.

மெட்ராஸில் 1940-களின் இறுதியில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961-இல் ஹெரால்டை உற்பத்தி செய்யத் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இருந்த அதன் ஆலையை அவ்வழியே ரயிலில் சென்றவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். கார் வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், நம் சென்னையின் ஹெரால்டு என மூன்றே கார்கள்தாம் இந்தியச் சாலைகளை ஆண்டன. அம்பாசடரின் வேர் இங்கிலாந்தில். ஃபியட் இத்தாலியில் பிறந்தது. ஹெரால்டு இங்கிலாந்துக் கார் என்றே நாம் எண்ணியிருந்தோம். அதன் முகம் டுரினில் வரையப்பட்டது என்பதை எண்ணினால், அந்த மூன்றில் இரண்டு கார்களில் இத்தாலியக் கை இருந்தது என்றாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஹெரால்டு ஒன்று சோளக்காட்டுக்கு வந்தது. வெளிர்நீல வண்ணம், இரண்டு கதவு, சமவெளியிலிருந்து ஒரு முதியவர் பேரனோடு ஓட்டி வந்திருந்தார். 70 வளைவுகளையும் ஒரு இடத்திலும் பின்னுக்கு எடுக்காமல் திரும்பியதாகப் பெருமையோடு சொன்னார். என்ஜின் ஆறுவதற்காக முகப்பைத் திறந்து வைத்திருந்தார். மிளகு மூட்டையோடு நின்றவர்கள் இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். இருசக்கர வாகன இளைஞர்கள் அதைக் கடந்து சென்று, சாலையோரம் நின்ற விலையுயர்ந்த புதிய வண்டி ஒன்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரின் சட்டை முதுகில் ஃபெராரி என்ற எழுத்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், நீங்கள் சட்டையில் போட்டிருக்கும் வண்டியை வரைந்தவர்தான் இதையும் வரைந்தார் என்பதை எப்படித் தொடங்கிச் சொல்வது? அந்தக் காலத்து ஃபெராரி ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் பல கோடி ரூபாய்க்குப் போகிறது. ஹெரால்டுகளில் பல, எடைக்குப் போடப்பட்டுப் பழைய இரும்புக் கடைகளில் முடிந்தன.

ஹெரால்டுக்குக் குறையும் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு, வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடும். நம் சாலைகளின் குழிகளும் அதற்கு ஒத்துவரவில்லை. 1970-களில் ஹெரால்டுக்குப் பதிலாகச் சென்னை நிறுவனம் கொண்டுவந்த கெஸல் காரில் அந்த அமைப்பை நீக்கிவிட்டு, வழக்கமான திட அச்சைப் பொருத்தினார்கள். கெஸலும் 1977 வாக்கில் நின்றுபோயிற்று. 1980-களில் அந்நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டுத் தோற்றது. பத்தாண்டு முடிவதற்குள் ஆலையில் உற்பத்தி அடங்கிவிட்டது.

மிக்கெலோட்டியோ ஹெரால்டுக்குப் பின் ஓயவே இல்லை. டிரையம்பின் ஸ்பிட்ஃபயர், டி.ஆர்.4 போன்ற கார்களை வரைந்தார். நொடித்துப்போகும் நிலையில் இருந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு 1959-இல் மூச்சு தந்த 700 என்ற சிறிய காரும் அவர் வரைந்ததே. ஜப்பானின் ஹினோ நிறுவனத்துக்குக் கன்டெஸா 1300, நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்துக்கு 44, மசெராட்டிக்கு செப்ரிங் என்று பட்டியல் நீள்கிறது. லேலண்ட் லாரிகளின் ஓட்டுநர் அறையையும் அவர் வடிவமைத்தார். சிற்றூர் வாழ்வின் பெரும்பகுதியை லாரியிலும் பேருந்திலும் கழிப்பவன் என்ற முறையில், இளவரசர்களுக்கு வரைந்தவர் லாரி ஓட்டுநருக்கும் வரைந்தார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

ஒரு கார் பிறந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சியில் வைக்க ஒரு வண்டி செய்து பார்ப்பதற்காகப் பழைய டிரையம்ப் 2000 ஒன்றைத் தருமாறு அவர் வெப்ஸ்டரிடம் கேட்டார். செய்து முடித்ததும் தங்களுக்குப் பிடித்திருந்தால் அது தங்கள் நிறுவனத்துக்கே என்ற நிபந்தனையோடு வெப்ஸ்டர் தந்தார். வண்டியைப் பார்த்தவர் அதைக் கண்காட்சிக்கு அனுப்பவே இல்லை, கவென்ட்ரிக்குக் கொண்டுபோய்விட்டார். 1970-இல் அதுவே டிரையம்ப் ஸ்டாக் என்ற பெயரில் வெளிவந்தது. தம் பெயரில் காட்ட நினைத்த காரும் இன்னொருவர் பெயரில்தான் வந்தது.

1980 ஜனவரி 23 அன்று, 58-ஆவது வயதில் மிக்கெலோட்டி மறைந்தார். அவர் வரைந்த ஸ்பிட்ஃபயர் காரின் கடைசி வண்டி அதே ஆண்டு ஆகஸ்டில் ஆலையிலிருந்து வெளிவந்தது. அவருடைய வரைபடங்களை அவர் மகன் எட்கார்டோ டுரினில் ஆவணக் காப்பகமாகப் பேணினார். அதனால்தான் எந்தப் பட்டறையின் எந்தக் கார் அவர் கையில் பிறந்தது என்பதை இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. வரைந்தவரின் கையெழுத்து வண்டியில் இல்லாவிட்டாலும் காகிதத்தில் இருந்தது.

நம் பக்கத்துக் கதையில் அந்தக் காகிதம் இல்லை. மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். 1960-களின் பிற்பகுதியில் சென்னை ஆலை அதை நான்கு கதவுக் காராக மாற்றியது. உலகில் வேறெங்கும் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததில்லை. பின்னிருக்கையில் வயதான பெற்றோரை ஏற்றிச் செல்லும் நம் குடும்ப வழக்கத்துக்கு அது தேவைப்பட்டது. கூரையின் கோட்டைக் கெடுக்காமல், நடுத்தூணை முன்னுக்கு நகர்த்தி, பின்சக்கர வளைவை ஒட்டி ஒரு கதவை வெட்டுவது எளிதான வேலையன்று. டுரினின் கோட்டின்மேல் சென்னையின் கோடு ஏறியது அங்கேதான். அதைச் செய்த வரைவாளர்களும் தகடு அடித்தவர்களும் இன்று இருப்பார்களானால் எண்பது வயதைக் கடந்திருப்பார்கள். அவர்களில் எவரிடமேனும், அல்லது அவர்கள் பிள்ளைகளின் பெட்டிகளில், அந்த ஆலையின் வரைபடமோ பணிக்குறிப்போ புகைப்படமோ இருக்குமானால், அது பழைய காகிதக் கடைக்குப் போவதற்குள், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றதொரு இடத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். ஆலையில் பணியாற்றியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அந்த இரண்டு கதவுகளை வரைந்தவர் யார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.